தோமா: ஒரு பெயரின் செலவும் தமிழின் கடமையும்

(தாம்பரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தாம்பரத்தில் தொடர்வண்டி ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்வோர் குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் ஒரு பெயர்ப்பலகையைக் காண்பர். அதில் தமிழில் எழுதியிருப்பது பரங்கிமலை. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதோ செயிண்ட் தாமசு மவுண்ட். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று, ஒலிபெயர்ப்பும் அன்று. இவை இரண்டும் அல்லாமல், தோமையார் மலை என்னும் பெயரும் மக்கள் வாயில் வழங்குகிறது. ஒரு குன்று, மூன்று பெயர்கள். இம்மூன்றனுள் எது தமிழ்? எது அயல்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், தோமா என்னும் ஆண்பாற் பெயர் எங்கே பிறந்தது, எவ்வெம் மொழிகளில் எவ்வெவ்வாறு உருமாறிற்று என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

தோமா என்பது பிறப்பில் இயற்பெயரே அன்று, அடைபெயர். இயேசுநாதர் பேசிய மொழி அரமேயம். அம்மொழியில் தோமா என்றால் இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவன் என்பது பொருள். அதன் உடன்பிறப்பு மொழியாகிய எபிரேயத்தில் தெஓம் என்பதும், அரபியில் தவ்அம் என்பதும் இதே பொருளன. மிகப் பழைய அக்காதிய மொழியிலும் இதன் இனச்சொல் உண்டு. ஆகவே இது செமித்திய மொழிக்குடும்பத்தின் பொதுச்சொல் என்பதில் ஐயமில்லை. பன்னிரு திருத்தூதருள் ஒருவரை இப்பெயரால் அழைத்தனர். மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த தோமாவின் பணிகள் என்னும் சுரியானி நூல் அவரை யூதா தோமா என்று குறிக்கிறது. யூதா என்பது இயற்பெயர். தோமா என்பது அடை. நம் நாட்டில் நெட்டையன், குட்டையன், மூத்தவன், இளையவன் என்று அழைத்து, அழைத்த பெயரே நிலைத்துவிடுவதைப் போன்றது இது.

இனி, இவ்வவையோர் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டில் யோவான் எழுதிய நற்செய்தி கிரேக்க மொழியில் அமைந்தது. அந்நூல் இத்தூதரைக் குறிக்குமிடத்து, தோமா என்று சொல்லி அமையாமல், திதிமு எனப்படுபவர் என்றும் மூன்று இடங்களிற் சேர்த்துரைக்கிறது. திதிமு என்பது இரட்டையன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். அரமேயப் பெயரின் பொருளைக் கிரேக்கர் அறிய வேண்டுமென்று, நற்செய்தி எழுதியவரே பெயரை மொழிபெயர்த்துக் காட்டினார். அதே நூலின் முதல் அதிகாரத்தில், கேபா என்னும் அரமேயப் பெயருக்குப் பேதுரு என்று கிரேக்கம் தரப்படுகிறது. இரண்டும் பாறை என்னும் பொருளன. ஆகவே, "பெயரை மொழிபெயர்ப்பது முறையன்று, அது சமயத்துக்கு மாறானது" என்று கூறுவார் தம் மறைநூலையே ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று.

இப்பெயர் மேற்றிசை சென்ற வரலாறு சுவையுடையது. கிரேக்கர் தம் மொழியியல்புக்கேற்ப அதன் இறுதியில் ஒரு சகர ஒலியைச் சேர்த்தனர். ஆண்பாற் பெயர்கள் அவ்வொலியில் முடிதல் அவர்தம் இலக்கணம். தொடக்கத்திலுள்ள தகரத்தையும் தம் மூச்சொலித் தகரமாக எழுதினர். அவ்வாறே இலத்தீன் கொண்டது. இலத்தீனிலிருந்து ஐரோப்பிய மொழிகள் பல கொண்டன. ஆயினும் ஒரு மொழியேனும் கொண்டதைக் கொண்டவாறே வைத்துக்கொள்ளவில்லை. இத்தாலியர் தொம்மாசோ என்றனர். இசுபானியர் தொமாசு என்றனர். போர்ச்சுகீசியர் தொமே என்றும் வழங்கினர். அங்கேரியர் தமாசு என்றனர். பின்னியர் துவோமாசு என்றனர். வேல்சு நாட்டார் தொமோசு என்றனர். அருமேனியர் தொவ்மாசு என்றனர். உருசியரின் மாற்றமே எல்லாவற்றினும் வியப்பானது. கிரேக்கரின் மூச்சொலித் தகரம் உருசிய மொழியில் இல்லை. அவர்கள் அவ்விடத்தில் மேற்பல்லும் கீழுதடும் இயைந்து பிறக்கும் ஃபகர ஒலியை இட்டு, ஃபொமா என்று ஆக்கிக்கொண்டனர். பிரெஞ்சுக்காரர் இறுதிச் சகரத்தை எழுதுவர், ஒலியார். அவர் வாயில் இது தொமா என்றே ஒலிக்கிறது.

ஆங்கிலேயரிடம் வருவோம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொள்ளுமுன், அந்நாட்டில் இப்பெயரைத் துறவியரும் குருமாருமே பூண்டிருந்தனர். பொதுமக்களிடையே இது பரவக் காரணமானவர் காண்டர்பரிப் பேராயர் தாமசு பெக்கட்டு. மன்னனோடு மாறுபட்ட அவர் 1170இல் தம் கோயிலுக்குள்ளேயே வெட்டுண்டார்; 1173இல் தூயவராக உயர்த்தப்பெற்றார். அதன்பின் ஊர்தோறும் தாமசு பிறந்தான். அவன் தாம் என்று சுருங்கினான். தாம்சன் என்று அவன் மகன் பெயர் பெற்றான். காட்டுலாந்தில் மாக்டாவிசு என்னும் குடிப்பெயரும் தாமசின் மகன் என்றே பொருள்படும். எங்கோ ஆசியாவில் பிறந்த சொல்லை ஆங்கிலேயர் தம் நாவுக்கு இசையத் திருத்தி, சுருக்கி, ஈறு சேர்த்து, முழுமையாகத் தம்முடையதாக்கிக் கொண்டனர். அதனைக் குறை என்று எவரும் கூறுவதில்லை.

கீழ்த்திசையிலோ இப்பெயர் கிரேக்கத்தைச் சுற்றி வரவில்லை. சுரியானி வழியே நேராக வந்தது. சுரியானி என்பது அரமேயத்தின் கிளை. எனவே மலையாள நாட்டுச் சுரியானிக் கிறித்தவரிடையே தோமா என்பதே பழைய வடிவம். மார் என்னும் சுரியானிச் சொல் 'என் ஆண்டவர்' என்னும் பொருளது. மார்த்தோமா என்பது அதனோடு கூடிய மதிப்புரு. 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவை உறுதிமொழி எடுத்துப் போர்ச்சுகீசியக் குருமாரின் ஆட்சியை மறுத்தவர்கள், தம் தலைவரை முதலாம் மார்த்தோமா என்றே அழைத்தனர். தொம்மன், தொம்மி, தொம்மச்சன் என்று மலையாளத்தார் அப்பெயரைத் தம் மண்ணின் ஈறுகளோடு இயைத்தனர்.

போர்ச்சுகீசியர் கடல்வழி வந்தபோது அப்பெயரைத் தம் வடிவில் மீண்டும் கொணர்ந்தனர். மயிலையில் அவர்கள் குடியேறிய பகுதிக்கு இட்ட பெயர் சாவோ தொமே. தூய தோமா என்பது அதன் பொருள். தமிழர் நாவில் அது சாந்தோம் ஆயிற்று. இதே பெயரை ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலிலுள்ள தீவொன்றுக்கும் அவர்கள் இட்டனர். அது 1975இல் விடுதலை பெற்று இன்று ஒரு தனிநாட்டின் பெயரில் விளங்குகிறது. சென்னையின் ஒரு தெருப்பகுதியும் ஆப்பிரிக்க நாடொன்றும் ஒரே சொல்லின் இரு கிளைகள் என்பதை எத்தனை பேர் அறிவர்?

தோமா கி.பி. 52இல் மலையாளக் கரையில் இறங்கி, 72இல் பரங்கிமலையில் உயிர்நீத்தார் என்பது கிறித்தவர்களின் வழிவழி நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ அவர் கல்லறையைக் குறிப்பிடுகிறார். மலைமேல் 1523இல் போர்ச்சுகீசியர் கோயில் எழுப்பினர். 1547இல் அங்கே பாரசீகப் பாகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. தூதரே வந்தாரா என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கைத் தீர்ப்பது சொல்லாய்வின் பணியன்று. மனிதர் வந்த காலத்தில் ஐயம் இருக்கலாம். பெயர் வந்து தமிழில் வேரூன்றியதில் ஐயம் இல்லை.

பரங்கி என்னும் சொல்லையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பிராங்கு என்னும் ஓர் இனத்தார் இருந்தனர். அரபியரும் பாரசீகரும் மேலை ஐரோப்பியர் அனைவரையும் அவ்வினப் பெயராலேயே பரங்கு, பரங்கி எனும் ஒலிபடக் குறித்தனர். அச்சொல் தமிழுக்கு வந்து போர்ச்சுகீசியரைக் குறித்தது. பரங்கிமலையும் பரங்கிப்பேட்டையும் அவ்வாறு எழுந்தவை. இம்மலைப் பெயரைப் பிருங்கி முனிவரோடு இணைத்துக் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், பரங்கி என்பதில் தமிழ் ஒலியல்லாத ஒலி ஒன்றுமில்லை. பரங்கிக்காயைச் சமைக்கும் எந்தத் தாயும் அதனை அயற்சொல்லென உணர்வதில்லை.

ஆக, மூன்று பெயர்களுக்கும் விடை கிடைத்துவிட்டது. பரங்கிமலை, தோமையார் மலை ஆகிய இரண்டும் அயல்வேர் கொண்டவை. ஆயினும் தமிழுடல் பெற்றவை. செயிண்ட் தாமசு மவுண்ட் என்பதோ தமிழ் எழுத்தில் எழுதினும் ஆங்கிலமே. வேர் எங்குளது என்பது வேறு. உடல் எதனால் ஆயது என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராமையால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன.

முதற்பிழை தமிழ்ப்பற்றாளர் சிலர் செய்வது. ஒரு சொல் தமிழ்போல் ஒலித்தவுடன் அதற்குத் தமிழ்வேர் காட்ட முனைவர். தோமாவுக்கும் தமிழ்வேர் காட்டலாமே என்று ஆர்வத்தால் எண்ணுவோர் இருக்கலாம். கூடாது. எபிரேயமும் அரபியும் அக்காதியமும் ஒருங்கே சான்று கூறும்போது, அதனைத் தமிழென்பது ஆய்வாகாது. ஒலியொப்புமை மட்டும் உறவுக்குச் சான்றன்று. அங்கேரியரின் தமாசு ஓர் ஆண்மகன் பெயர். தமிழ்நாட்டுப் பேச்சில் தமாசு என்பது வேடிக்கை. முன்னது அரமேயத்திலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியே சென்றது; பின்னது அரபி மொழியில் தோன்றிப் பாரசீகம், உருது வழியே இங்கு வந்தது. ஒலி ஒன்று, உறவு இல்லை. தனித்தமிழ் என்பது தன்னுடையதைத் தன்னுடையதென்றும் பிறருடையதைப் பிறருடையதென்றும் தெளிந்து சொல்லும் நேர்மை. அந்நேர்மை குன்றின், மெய்யான தமிழ்ச்சொல்லுக்கு நாளை சான்று காட்டும்போதும் உலகம் நம்பாது.

இரண்டாம் பிழை பெற்றோர் செய்வது, இதுவே மிகுதி. தென்சென்னைப் புறநகர்களின் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினால் மூன்று தலைமுறைகளின் மாற்றம் விளங்கும். பாட்டன் தொம்மை, தந்தை தோமா, பெயரனோ கிரந்த எழுத்தில் முடியும் தாமசு. ஏன் இம்மாற்றம் என்று வினவினால், "அதுவே சரியான வடிவம், தோமா என்பது படியாதார் திரித்த பேச்சு" என்பது விடை. உண்மை இதற்கு நேர்மாறானது. இறுதியிலுள்ள சகரம் கிரேக்கர் ஒட்டிய ஈறு. இயேசுநாதரும் அவர்தம் தோழரும் அத்தூதரை விளித்தபோது அந்தச் சகரம் அவர் வாயில் இல்லை. ஆகார ஈறே அரமேயத்துக்கு உரியது. ஆங்கில எழுத்தில் தகரத்தை அடுத்து ஒலியாது நிற்கும் எழுத்தோ கிரேக்கத்தின் எச்சம். எனவே திருத்தூதரின் பெயருக்கு மிக அணுக்கமான ஒலி லண்டனில் இல்லை; தமிழன் நாவிலும் மலையாளி நாவிலும் உள்ளது. தோமா என்று அழைக்கும் மூதாட்டி மூலத்தோடு ஒட்டி நிற்கிறாள்; தாமசு என்று திருத்தும் பெயரனே விலகிப் போகிறான்.

அயல்மொழிப் பெயரைத் தமிழில் கொள்ளுதற்கு முன்னோர் இரு நெறிகளை வகுத்துள்ளனர். ஒன்று ஒலிநெறி. வேற்றுமொழிச் சொல்லைக் கொள்ளும்போது வேற்றெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய வழி. அந்நெறியில் எழுந்தவையே தோமா, தொம்மை என்பன. தோமையார் என்னும்போது உயர்வுப் பன்மை ஈறாகிய ஆர் சேர்ந்து, நக்கீரனார், பரணர் வரிசையில் அத்தூதரை நிறுத்துகிறது. மற்றொன்று பொருள்நெறி. யோவான் என்னும் எபிரேயப் பெயருக்கு இறைவன் அருளினான் என்பது பொருள். தமிழர் அதனை அருளப்பர் என்றனர். முடி என்னும் பொருளுடைய கிரேக்கப் பெயரைத் தாங்கிய தூயவர் முடியப்பர் ஆனார். சிறியவர் எனும் பொருளுடைய இலத்தீன் பெயர் கொண்ட பவுல் சின்னப்பர் ஆனார். தமிழ்க் கத்தோலிக்கர் எத்துணை அழகாக இப்பெயர்களைப் படைத்துள்ளனர் என்பதைத் தமிழ்ப்பற்றாளர் பலர் இன்னும் உணரவில்லை.

இரு நெறிகளையும் ஒரே பெயரில் காட்டவல்லது யோசேப்பு. போர்ச்சுகீசியரின் சொசே என்பதை ஒலிநெறியால் சூசை என்றாக்கினர் தமிழர். அப்பெயரின் எபிரேயப் பொருள் 'பெருகச் செய்வான்' என்பது. அதனை உணர்ந்த வீரமாமுனிவர், 1726இல் நிறைவேற்றிய தேம்பாவணியில் தம் காப்பியத் தலைவருக்கு வளன் என்று பெயர் சூட்டினார். 3615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம் முழுதும் தூய சூசையப்பர் வளனாகவே உலவுகிறார். இத்தனைக்கும் அம்முனிவரின் இத்தாலியப் பெயரிலேயே அவ்வெபிரேயப் பெயர் இருந்தது. கான்சுதான்சோ சொசெப்போ பெசுகி என்பது அவர் முழுப்பெயர். தம் பெயரையே தமிழில் வளனாகக் கண்ட அவர், தைரியநாதர் எனத் தமக்கு முதலில் வழங்கிய பெயரையும் வீரமாமுனிவர் என்று மாற்றிக்கொண்டார். இத்தாலியில் பிறந்தவருக்கு வராத கூச்சம் இங்குப் பிறந்தவருக்கு ஏன் வர வேண்டும்?

பரங்கிமலைக்கும் தாம்பரத்துக்கும் இடையே பல்லாவரம் இருக்கிறது. 1911 முதல் மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் அது. 1898 முதல் 1911 வரை அவர் தமிழ் பயிற்றியது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். அக்கல்லூரி பின்னர் 1937இல் தாம்பரத்துக்கே வந்தது. தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கிய அடிகள், சுவாமி வேதாசலம் என்னும் தம் பெயரைச் சொல் சொல்லாகப் பெயர்த்தார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. யோவான் அருளப்பரான நெறியும், வேதாசலம் மறைமலையான நெறியும் ஒரே நெறி. சைவராகிய அடிகளும் கத்தோலிக்கத் துறவியாகிய வீரமாமுனிவரும் சமயத்தால் வேறுபட்டோர், தமிழால் ஒருவழிப்பட்டோர்.

மலைக்குச் செல்லும் சாலையே இதற்கு மற்றொரு சான்று தருகிறது. தோமையார் மலைக்குப் படிகள் அமைத்த அருமேனிய வணிகர் கோசா பெத்துரூசு உசுக்கான், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலமும் கட்டினார். மாம்பலம் என்பதை மர்மலாங்கு என்று திரித்து, அப்பாலத்தை அப்பெயரால் வழங்கினர் ஆங்கிலேயர். பழைய பாலம் போய் அங்கே எழுந்த புதிய பாலம் இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்ச்சொல்லை அயலார் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டனர்; அயற்சொல்லைத் தமிழர் தம் நாவுக்கேற்ப இயைத்துக்கொள்வதற்கு மட்டும் தடை எங்கிருந்து வந்தது?

ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தித் தமிழ்நாட்டரசு 2020 சூன் திங்களில் ஆணை ஒன்று வெளியிட்டது. 1018 ஊர்ப்பெயர்கள் அதில் அடங்கின. எழுத்துக் கூட்டல் முறைமீது குறைகள் எழவே, சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. பெயரை ஆணையால் மட்டும் நிலைநாட்ட இயலாது. நாவில் நின்றால்தான் பலகையில் நிற்கும்.

ஆகவே செய்யத்தக்கவை சில உள. முதலாவது, எவர் பெயரையும் அவர் இசைவின்றி மாற்ற எவர்க்கும் உரிமையில்லை. பெயர் அதனைப் பூண்டவரின் உடைமை. தோமா என்னும் பெயர் கிறித்தவரின் நம்பிக்கையோடு பிணைந்தது. அப்பெயரைக் கைவிடச் சொல்வது தமிழ்த்தொண்டு ஆகாது. "தமிழ்ப்பெயர் வை" என்னும் அறைகூவலைக் கேட்டு, தம் சமயத்துக்கே ஊறு வருமோ என்று அஞ்சும் கிறித்தவத் தமிழர் உளர். அவ்வச்சத்தைப் போக்குவது தமிழியக்கத்தாரின் கடன். நம்பிக்கை அவர்களுடையது, வடிவம் தமிழுடையதாகட்டும் என்பதே வேண்டுகோள்.

இரண்டாவது, குழந்தைக்குப் பெயரிடும் நாளில் பெற்றோர்க்கு அறிவுறுத்த வேண்டும். தோமா என்றிடலாம், தோமையன் என்றிடலாம், பொருள்நெறியை விரும்புவோர் அருளப்பன், முடியப்பன், வளன், வளனரசு முதலிய பெயர்களைத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றுள் எதனை இட்டாலும் திருமுழுக்குக் குறைவுபடாது, தமிழும் குறைவுபடாது.

மூன்றாவது, ஆசிரியர்கள் செய்ய வேண்டியது. தோமா என்று வரும் சிறுவனைப் பதிவேட்டில் தாமசாக மாற்றி எழுதும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதனை ஒழிக்க வேண்டும். தாமசாகவே வருபவனைப் பழிக்கவும் வேண்டா. அவன் பெயரின் வரலாற்றை வகுப்பில் அவனுக்கும் அவன் தோழர்க்கும் எடுத்துச் சொன்னால் போதும். அறிந்தபின் அவனே தேர்வான்.

நான்காவது, நாள்தோறும் பரங்கிமலை வழியாகச் செல்லும் பல்லாயிரவர் செய்யத்தக்கது. வழிகேட்போர்க்கும் சீட்டுக் கேட்குமிடத்தும் பரங்கிமலை என்றோ தோமையார் மலை என்றோ கூறுக. மவுண்ட் என்று கூறற்க. இதற்கு ஆணையும் வேண்டா, பொருட்செலவும் வேண்டா.

அன்பர்களே! உருசியன் தன்னிடம் இல்லாத ஒலியைத் தேடி அலையவில்லை; தன்னிடம் உள்ள ஒலியால் ஃபொமா என்றான். பிரெஞ்சுக்காரன் எழுதிய எழுத்தையே ஒலியாது விட்டான். இத்தாலியன் தன் உயிரீற்றை ஒட்டிக்கொண்டான். அவர்களுள் எவரும் ஆங்கிலேயன் நாவை அளவுகோலாகக் கொள்ளவில்லை. தமிழனுக்கோ மூலத்தை ஒட்டிய பெயரே வழிவழியாக வாய்த்திருக்கிறது. தோமா என்னும் அவ்வீரெழுத்துப் பெயரில் தமிழ் எழுத்தல்லாதது ஒன்றும் இல்லை. அதனை அவ்வாறே எழுதுக, அவ்வாறே அழைக்க, பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பிக்க.

வாழ்க தமிழ்!